வாசிச்சாச்சு: ரெட்டைக்கோடு

சங்கரன்கோவில் தாலுகாவிலேயே அந்த ஆள் அளவுக்குப் பொய் சொன்னவர் எவரும் கிடையாது. அந்த ஆள் அளவுக்கு உண்மைக்காக அடுத்தவர் உயிரை வாங்கியவரும் கிடையாது. இரண்டு பேரையும் தனித்தனியாகத் தேட வேண்டாம். இரண்டும் ஒரே ஆள்தான். எங்கள் ஆபீஸில் எனக்குப் பக்கத்து மேஜையில்தான் உட்கார்ந்திருந்தார்.

ரேஷன் கார்டில் அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். நான் பார்த்ததில்லை. ஆபீஸில் ரெட்டைக்கோடு, டீக்கடையில் ரெட்டைக்கோடு, அவர் வீட்டுக்கு வழி கேட்டால் தெருப் பிள்ளைகள்கூட "ரெட்டைக்கோடு வீடா?" என்று திருப்பிக் கேட்கும். அவரே போனை எடுத்தால் "ரெட்டைக்கோடு பேசுதேன்" என்றுதான் ஆரம்பிப்பார்.

பெயர்க் காரணம் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆபீஸின் வேலை, எலெக்ட்ரானிக் தராசுகளைக் கம்ப்யூட்டரோடு இணைத்துக் கொடுப்பது. லாரி எடைமேடை, பஞ்சு கிட்டங்கி, பூ மார்க்கெட் என்று சுற்றுவட்டாரம் முழுக்க எங்கள் ஒயர்தான் ஓடியது. கம்ப்யூட்டரின் முதுகில் ஒன்பது கம்பி உள்ள ஒரு பழைய சொருகி இருக்கும். அதற்கு சீரியல் போர்ட் என்று பெயர். தராசு அதன் வழியாக ஒவ்வொரு எழுத்தாகத் தன் எடையைச் சொல்லும். அதைக் கேட்டு வாங்கிக் கம்ப்யூட்டரிடம் ஒப்படைக்கிற நிரலுக்கு டிரைவர் என்று பெயர். அந்த டிரைவரைக் கட்டிக் காத்தது நாங்கள் இரண்டே பேர், நானும் அவரும். கட்டளைகளுக்கு நடுநடுவே, "இது எதற்காக" என்று மனிதர்கள் படித்துத் தெரிந்துகொள்ள எழுதும் குறிப்புதான் கமெண்ட். வரிக்கு முன்னால் இரண்டு சாய்கோடு போட்டுவிட்டால் போதும், கம்ப்யூட்டர் அந்த வரியைத் திரும்பியே பார்க்காது.

கம்ப்யூட்டர் திரும்பிப் பார்க்காத அந்த வரிகளைத்தான் அவர் இருபத்துநாலு மணி நேரமும் பார்த்துக்கொண்டிருந்தார். அதனால் ரெட்டைக்கோடு.

முதலில் பொய்யைச் சொல்கிறேன், அதுதான் சுவையானது. எங்களுக்கும் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புத்தான். குருவிகுளத்திலிருந்து எடைமேடைக்காரர் போனில் கத்துவார், காலையிலிருந்து லாரி நிற்கிறது என்று. ரெட்டைக்கோடு அப்போதுதான் உளுந்தவடையை டீயில் முக்கிக்கொண்டிருப்பார். சட்டென்று எழுந்து தடுப்புக்கு அந்தப் பக்கம் போய், ஓடிக்கொண்டிருக்கும் ஜெராக்ஸ் மிஷின் மேல் போனைச் சாய்த்து வைப்பார்.

"அண்ணாச்சி, பஸ்ஸுலதான் இருக்கேன். சத்தம் கேக்குதா? ஊருக்குள்ள நுழைஞ்சிட்டு. எறங்கப் போறேன்."

ஜெராக்ஸ் அக்கா, பேப்பரை அடுக்கிக்கொண்டே, "டிக்கெட் டிக்கெட்" என்று குரல் கொடுப்பாள். அந்த அக்காவுக்கும் இதில் தனி உற்சாகம் உண்டு.

வீட்டில் கேட்டால் ஆபீஸ் என்பார், ஆபீஸில் கேட்டால் ஆஸ்பத்திரி என்பார். அவர் மாமனாருக்கு ஒரே வருஷத்தில் மூன்று முறை கண் ஆபரேஷன் நடந்தது. மனிதருக்கு இருந்தது இரண்டு கண்தான்.

இப்படிப்பட்ட ஆள், கமெண்ட்டில் ஒரு எழுத்து பிசகினால் ருத்ரதாண்டவம் ஆடுவார்!

எங்களுக்கு முன்னால் இருந்த ஒருவர் டிரைவரில், "இது தற்காலிக ஏற்பாடு, பிறகு எடுத்துவிடவும்" என்று இங்கிலீஷில் ஒரு கமெண்ட் எழுதி வைத்துவிட்டு வேலையை விட்டுப் போயிருந்தார். ரெட்டைக்கோடு ஒரு நாள் அதைக் கண்டுபிடித்தார். நேராக பேக்கரிக்குப் போய் ஒரு தேங்காய் பன் வாங்கி வந்தார். அதில் மெழுகுவத்தி சொருகிக் கம்ப்யூட்டர் முன்னால் வைத்து ஏற்றினார்.

"என்னவே இது?"

"தற்காலிகத்துக்கு இன்னைக்கு ஏழு வயசு பூர்த்தி ஆகுது. கைதட்டும் வே. புள்ளைய பள்ளிக்கூடத்துல சேக்கணும்லா."

தட்டினேன். தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து ஜெராக்ஸ் அக்காவும் தட்டினாள். பன்னை மூன்றாகப் பிய்த்துத் தின்றோம். அன்றே அந்தக் கமெண்ட்டை அழித்துவிட்டு, "இது நிரந்தரம். இதை எடுத்தா குருவிகுளம் எடைமேடை நின்னு போகும். எடுக்காதீங்க" என்று தமிழில் எழுதினார். அதிலிருந்து எங்கள் டிரைவரில் கமெண்ட் எல்லாம் தமிழ்தான். அதுவும் ஏட்டுத் தமிழ் இல்லை, எங்கள் வாய்த் தமிழ். "இங்கன மூணு தடவ கேட்டுப் பாக்கோம். பதில் வரலன்னா தராசு செத்துட்டுன்னு வச்சுக்கிடுதோம்" என்று இருக்கும். கோப்பின் தலையில், முதல் வரியாக, அவர் எழுதியது இது: "எது புரியலன்னாலும் ரெட்டைக்கோட்டைக் கேளுங்க. பக்கத்து மேஜையிலதான் இருக்கான்."

அடுத்ததாக வந்தது வாசிப்பு. நான் ஒரு வரியை மாற்றினாலும் அன்று சாயங்காலம் வாசிப்பு உண்டு. நான் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். அவர் கமெண்ட்டை மட்டும் சத்தமாக வாசிப்பார். அதற்குக் கீழே கட்டளை என்ன செய்யும் என்று நான் சுவரிடம் சொல்ல வேண்டும். அவர் விரலைக் கட்டளை மேல் ஓட்டிக்கொண்டே வருவார். நான் சொன்னதும் அங்கே இருப்பதும் ஒத்துப்போகவில்லை என்றால் டீ டம்ளரைப் பேனாவால் ஓங்கி ஒரு தட்டு. டங்!

"கமெண்ட்டு ஒண்ணு சொல்லுது, கட்டளை ஒண்ணு செய்யுது. எதை வே நம்பட்டும்?"

"கமெண்ட்டுல என்ன வே இருக்கு? மிஷினு படிக்கவா போகுது?"

"மிஷினுக்குப் பொய் சொன்னா அங்கனயே தகராறு பண்ணிரும். மனுசனுக்குப் பொய் சொன்னாத்தான் நம்பிருவான். அதான் பயப்படுதேன்."

வாசிப்பு முடிந்ததும் அந்த இடத்துக்கு அடியில், "வாசிச்சாச்சு: ரெட்டைக்கோடு" என்று ஒரு வரி போடுவார். அந்த வரி விழாமல் எதுவும் ஆபீஸைத் தாண்டாது. ஜெராக்ஸ் அக்கா தடுப்புக்கு மேலே தலையை நீட்டி, "இன்னைக்கு ஆறு டங்கு தம்பி. நேத்தைக்கு இது தேவலை" என்று எனக்கு ரிப்போர்ட் கொடுப்பாள்.

இந்த வியாதி ஆபீஸோடு நின்றதா? நின்றிருந்தால் இதை எழுதவே மாட்டேன். ஊரில் உள்ள போர்டெல்லாம் அவருக்குக் கமெண்ட்தான். ஒரு ஓட்டலில் "எந்நேரமும் சூடான வடை" என்று எழுதியிருந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்குப் போனோம். வடை ஐஸாக வந்தது. ரெட்டைக்கோடு வடையைத் தட்டிலேயே வைத்துவிட்டு வெளியே போனார். பையிலிருந்து சாக்பீஸை எடுத்து போர்டுக்கு அடியில் "காலை பத்து மணி வரை" என்று எழுதினார். ஓட்டல்காரர் ஜல்லிக்கரண்டியோடு பாய்ந்து வந்தார்.

"ஏலே, எங் கடை போர்டுல என்னல கிறுக்குத?"

"உங்க வடையை நான் கொறை சொல்லல அண்ணாச்சி. போர்டைத்தான் சொல்லுதேன். ஒண்ணு வடையைச் சூடாக்குங்க, இல்ல போர்டை மாத்துங்க. ரெண்டும் ஒண்ணு போல இருக்கணும்லா?"

ஜல்லிக்கரண்டி எங்களை பஸ் ஸ்டாண்டு வரை துரத்தியது. வடைக்குச் சட்னியே தொடாத நானும் சேர்ந்து ஓடினேன். ஆனால் மறுவாரம் போர்டில், "கேட்டால் வடை சூடாக்கித் தரப்படும்" என்று புது பெயிண்ட்! ரெட்டைக்கோடு அதைப் பார்த்துக் கண்கலங்கி, அன்றைக்கு ஆறு வடை சாப்பிட்டார்.

இதைவிடப் பெரியது எங்கள் முதலாளி அண்ணாச்சி மகள் கல்யாணம். வாசல் பலகையில் முகூர்த்தம் ஒன்பது முதல் பத்தரை என்று எழுதியிருந்தது. மாப்பிள்ளை வீட்டு வேன் வழியில் பஞ்சராகித் தாலி ஏறியபோது மணி பத்து நாற்பது. எல்லோரும் கண்டும் காணாமல் அட்சதை போட்டார்கள். ரெட்டைக்கோட்டைக் காணவில்லை. வாசலில் ஸ்டூல் போட்டு ஏறி, பத்தரையை அழித்துப் பத்து நாற்பது ஆக்கிக்கொண்டிருந்தார்!

முதலாளிக்கு அவரை அன்றே விரட்டிவிடத்தான் ஆசை. ஆனால் அந்தப் பழைய தராசுகளோடு அவர் அளவுக்குப் பேசத் தெரிந்த ஆள் ஜில்லாவில் வேறு யாரும் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பந்திக்கு அனுப்பிவைத்தார்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். எனக்கு முப்பத்துநாலு வயதாகியும் பெண் அமையவில்லை. சிவகிரியிலிருந்து ஒரு ஜாதகம் பொருந்தி வந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் பெண் பார்க்க வரச் சொல்லியிருந்தார்கள். மூன்று மணிக்கு பஸ். அன்றைக்கென்று பூ மார்க்கெட்டிலிருந்து போன். எட்டுத் தராசையும் ஒரே கம்ப்யூட்டரில் இணைத்துக் கொடுத்திருந்தோம். எடைச்சீட்டு மெதுவாக வருகிறது, கூட்டம் முண்டுகிறது, உடனே சரிபண்ணு என்றார்கள். நான் அவசர அவசரமாக டிரைவரைத் திறந்து இரண்டொரு வரிகளை அங்கும் இங்கும் நகர்த்தினேன். ஆபீஸ் தராசில் போட்டுப் பார்த்தேன், சீட்டு பறந்தது! சந்தோஷத்தோடு திரும்பினால், ரெட்டைக்கோடு டம்ளரைக் கழுவித் தயாராக வைத்துக்கொண்டிருந்தார். மணி இரண்டே முக்கால்.

என் முகத்தைப் பார்த்தார். என் சட்டையைப் பார்த்தார். நான் அப்பிக்கொண்டிருந்த பவுடரையும் பார்த்தார்.

"பொண்ணு பாக்கப் போறீரோ?"

"ஆமா வே. மூணு மணி பஸ்ஸு."

டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். "ஓடும் மக்கா. வாசிக்கதை நான் பாத்துக்கிடுதேன்."

ஓடினேன். பஸ்ஸைப் பிடித்தேன். பெண்ணைப் பார்த்தேன். பெண் என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தாள். அந்தச் சிரிப்பில் நான் அன்று மதியம் செய்ததெல்லாம் மண்டையிலிருந்து சுத்தமாக ஒழிந்துபோயிற்று. பெண்ணின் அப்பா மட்டும் ஒரே கேள்வியை மூன்று தரம் கேட்டார், "வேலை நெலையானதுதான?" என்று. மூன்று தரமும் நான் ஆமாம் என்றேன். ஒன்றரை மாதம் கழித்து நிச்சயதார்த்தம் என்று நாள் குறித்தார்கள்.

ஒரு மாதம் போயிருக்கும், மார்க்கெட்டில் திருவிழாக் கூட்டம் ஆரம்பித்தது. ஆரம்பித்த அன்றே தராசு பைத்தியமானது. மேலநீலிதநல்லூரிலிருந்து ஒரு அம்மா இரண்டு கிலோ பிச்சிப்பூ கொண்டுவந்து வைத்தாள். சீட்டில் பதினோரு கிலோ! அவள் குலவை போடாத குறை. அவளுக்கு அடுத்து ஒரு பெரியவர் பெரிய மூட்டையாக மல்லிகையை இறக்கினார். அவர் சீட்டில் இரண்டு கிலோ. அவர் மூட்டை மேலேயே ஏறி உட்கார்ந்து, எடையைச் சொன்னால்தான் இறங்குவேன் என்றுவிட்டார். அப்படியும் தராசு முந்தின ஆள் எடையைத்தான் சொன்னது.

கம்ப்யூட்டரை நிறுத்திப் போட்டால் சரியாகிவிடும். கூட்டம் சேர்ந்ததும் மறுபடி ஏதாவது ஒரு தராசு கிளம்பும். ஆபீஸில் தராசை வைத்துப் பார்த்தால் ஒன்றுமே தெரியாத பச்சைப் பிள்ளை போல் உட்கார்ந்திருக்கும்.

மார்க்கெட் சங்கத் தலைவர் வெள்ளிக்கிழமை கெடு கொடுத்தார். அதற்குள் சரியாகாவிட்டால் எட்டுத் தராசையும் கழற்றித் தெருவில் வைத்துவிடுவாராம். முதலாளி அண்ணாச்சி எங்கள் இருவரையும் முன்னால் நிற்கவைத்தார்.

"சரி பண்ணுததை மொதல்ல பாருங்க. ஆனா இதைக் கெடுத்தவன் எவன்னு தெரிஞ்சுது, அன்னைக்கே வீட்டுக்குத்தான். எம் மக கல்யாணத்துல பொறுத்தது போதும்."

கல்யாணம் என்றதும் அவர் கண் ரெட்டைக்கோட்டின் மேல் போயிற்று. என் மனம் சிவகிரிக்குப் போயிற்று. நிச்சயதார்த்தத்துக்கு இன்னும் பத்து நாள். வேலை போன மாப்பிள்ளைக்கு யார் பெண் கொடுப்பார்?

ரெட்டைக்கோடு முதல் மணி நேரத்திலேயே விஷயத்தைத் தொட்டுவிட்டார். அதுதான் கொடுமை! "முந்தின ஆளு எடை வருதுன்னா, பழசு எங்கனயோ மிச்சம் கெடக்கு வே" என்றார். தராசு சொல்லும் எழுத்துகள் வந்து விழ ஒரு இடம் உண்டு. ஒவ்வொரு முறை எடை கேட்பதற்கு முன்னாலும் டிரைவர் அதைத் துடைக்க வேண்டும். டீக்கடையில் ஒவ்வொருவருக்கும் கிளாஸைக் கழுவிவிட்டு ஊற்றுகிற மாதிரி. டிரைவரைத் திறந்து அந்த இடத்துக்குப் போனார். அங்கே கமெண்ட் இருந்தது.

"இங்கன வரும்போது பழசு எதுவும் மிச்சம் இருக்காது. மேலயே துடைச்சாச்சு."

அதற்கு அடியில்: "வாசிச்சாச்சு: ரெட்டைக்கோடு."

"அப்ப இது இல்ல" என்று மூடிவிட்டார். "தொடைக்க வரியைத் தொட்டீரா வே?" என்று என்னிடமும் கேட்டார். "தொடவே இல்ல" என்றேன். சத்தியமாக அப்படித்தான் நம்பினேன். பழைய நகலோடு ஒப்பிடலாம் என்றால், இருந்த ஒரே பென்டிரைவில் புதியதைப் பழையதின் மேலேயே பதிந்து வைத்த புண்ணியவானும் நான்தான்.

மூன்று நாள்! ஒயரை மாற்றினோம், சொருகியை மாற்றினோம், மார்க்கெட்டில் எட்டுத் தராசுக்கும் இடம் மாற்றினோம். ரெட்டைக்கோடு வடை தின்பதை நிறுத்தினார். போனில் பொய் சொல்வதைக்கூட நிறுத்திவிட்டார். குருவிகுளத்துக்காரர் போன் செய்தபோது, "ஆபீஸ்லதான் இருக்கேன், இன்னைக்கு வர முடியாது" என்று உண்மையைச் சொன்னார். அவர் பதறிப்போய், உடம்புக்கு என்ன என்று என்னிடம் விசாரித்தார்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ரெட்டைக்கோடு மேஜையைத் தட்டி எழுந்தார். "கமெண்ட்டு வேண்டாம். கட்டளையை மட்டும் நடிச்சுப் பாப்போம். வாரும்."

ஜெராக்ஸ் கடையிலேயே நாடகம் ஆரம்பமானது. ஜெராக்ஸ் அக்காதான் தராசு. நான் டிரைவர். எழுத்து வந்து விழும் இடத்துக்கு ஒரு அல்வா டப்பா மூடி. ரெட்டைக்கோடு கட்டளையை ஒவ்வொன்றாக வாசிப்பார். நான் "எடை சொல்லு" என்றதும் அக்கா தன் முன்னால் உள்ள சாமானின் எடையைத் துண்டுச் சீட்டில் எழுதி மூடியில் போட வேண்டும். பத்து எண்ணுவதற்குள் சீட்டு வந்தால் நான் எடுத்துப் படிப்பேன். வராவிட்டால் "பதில் இல்லை" என்று அடுத்ததற்குப் போய்விடுவேன்.

"எந் தராசு நல்லா பேசும் தம்பி, பயப்படாதீங்க" என்றாள் அக்கா.

கட்டளைப்படி ஆரம்பத்தில் மூடியை ஒருமுறை துடைத்தேன். ஸ்டேப்ளரை வைத்தோம், எடை சொன்னாள், படித்தேன். அவளுடைய டிபன் கேரியரை வைத்தோம், படித்தேன். எல்லாம் ஒழுங்காகப் போனது. பேப்பர் கட்டை வைத்து "எடை சொல்லு" என்றேன். அந்த நேரம் பார்த்து ஒரு பெரியவர் கடைக்குள் நுழைந்தார்.

"ஆதார் அட்டை, முன்னும் பின்னும் ரெண்டு காப்பி தாயி."

தராசு எழுந்து ஜெராக்ஸ் எடுக்கப் போய்விட்டது! நான் பத்து எண்ணினேன். சீட்டு வரவில்லை. "பதில் இல்லை" என்றேன். பேப்பர் கட்டை எடுத்துவிட்டுக் குடையை வைத்தோம். அக்கா பெரியவரை அனுப்பிவிட்டு ஓடி வந்து, விட்ட இடத்திலிருந்து கடமை தவறாமல் "பேப்பர், ரெண்டரைக் கிலோ" என்று எழுதி மூடியில் போட்டாள். நான் குடைக்காக "எடை சொல்லு" என்றேன். மூடியைப் பார்த்தேன், சீட்டு இருந்தது, எடுத்துப் படித்தேன்.

"குடை, ரெண்டரைக் கிலோ."

அடுத்ததாக ஸ்டேப்ளரை வைத்தோம். குடையின் எடை வந்தது. டிபன் கேரியரை வைத்தோம். ஸ்டேப்ளரின் எடை வந்தது. பூ மார்க்கெட் அப்படியே எங்கள் முன்னால் அல்வா டப்பா மூடியில் நடந்துகொண்டிருந்தது! கூட்ட நேரத்தில் ஒரு தராசு ஒரே ஒரு தடவை தாமதமாகப் பதில் சொன்னால் போதும், அதற்குப் பிறகு வருவதெல்லாம் முந்தின ஆள் எடைதான்.

"பழசு கெடக்கு வே! பழசு கெடக்கு!" என்று ரெட்டைக்கோடு குடையைத் தூக்கிக்கொண்டு ஆடினார். ஆதார் பெரியவர் வாசலிலிருந்து திரும்பிப் பார்த்துவிட்டு வேகமாக நடந்தார்.

அக்காதான் கேட்டாள். "ஏன் தம்பி, மேலயே துடைச்சாச்சுன்னு தெனமும் வாசிப்பீங்களே. இப்ப ஆரம்பத்துல ஒரு தடவதான தொடைச்சீங்க? ஒவ்வொரு தடவையும் யாரு தொடைக்கா?"

ரெட்டைக்கோடு ஆட்டத்தை நிறுத்தினார். நான் மூடியையே பார்த்தேன். அப்போதுதான் எனக்கு அந்த வியாழக்கிழமை மதியம் நினைவுக்கு வந்தது. பவுடர் வாசனையோடு வந்தது. சீட்டு வேகமாக வரட்டும் என்று, துடைக்கிற வரியை அது இருந்த இடத்திலிருந்து எடுத்து, காலையில் கம்ப்யூட்டர் திறக்கும் இடத்தில் போட்டது நான்தான். கமெண்ட்டை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுப் போனதும் நான்தான்.

"நான்தான் வே" என்றேன். "அன்னைக்கு, பஸ்ஸுக்கு..."

அவர் என்னைத் திட்டுவார் என்று நின்றேன். அவர் திரையில் தன் பெயர் போட்ட வரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு நான் வாசிக்கல வே" என்றார். "நீரு சொன்னா சரியாத்தான் இருக்கும்னு வாசிச்சாச்சுன்னு போட்டுட்டேன். அந்த வரியை நம்பித்தான் மூணு நாளா அந்தப் பக்கமே போகல." டம்ளரை எடுத்து, தன் மண்டைக்கு நேராகப் பிடித்து, பேனாவால் ஒரு தட்டு தட்டினார். டங்!

பன்னிரண்டு மணிக்கு வரியைப் பழைய இடத்தில் வைத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் பறந்தோம். சங்கத் தலைவர் ஸ்பேனரோடு நின்றார். உச்சக் கூட்டம். எட்டுத் தராசிலும் பூக்கூடை ஏறி இறங்கியது. ஒரு சீட்டு, பத்து சீட்டு, ஐம்பது சீட்டு! பழையபடி கொஞ்சம் மெதுவாகத்தான் வந்தது, ஆனால் அவரவர் எடை அவரவருக்கு வந்தது. மூட்டை மேல் உட்கார்ந்த பெரியவர் அன்றும் வந்திருந்தார். சீட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டு, ரெட்டைக்கோட்டின் கையில் ஒரு பிடி மல்லிகையைத் திணித்தார். தலைவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

நான் சந்தோஷப்பட நேரமில்லை. முதலாளி அண்ணாச்சி பின்னாலேயே வந்து நின்றார்.

"சரி, இப்பச் சொல்லுங்க. கெடுத்தது எவன்?"

நான் வாயைத் திறந்தேன். சொல்லிவிடுவது என்றுதான் திறந்தேன். ரெட்டைக்கோடு என்னைத் தோளால் இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார்.

"எலி அண்ணாச்சி."

"எலியா?"

"இம்புட்டுப் பெரிசு! மல்லியப்பூ திங்க எலி. பூவைத் தின்னுட்டு வாய் நமநமங்கவும் ஒயரைக் கடிச்சிருக்கு. நானும் இவனும் கண்ணால பாத்தோம். வாலுல ஒரு பிச்சிப்பூ கூட ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. இவன் வெரட்டுனான், அது தலைவர் ரூமுக்குள்ள போயிட்டு."

வாழ்நாளெல்லாம் பழகின திறமை! கண்கூட இமைக்கவில்லை. முதலாளி என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன், மேலும் கீழுமாகவா பக்கவாட்டிலா என்று எனக்கே தெரியவில்லை. அன்றே மார்க்கெட்டில் எட்டு எலிப்பொறி வைக்கப்பட்டது. மூன்றாம் நாள் நிஜமாகவே ஒரு எலி விழுந்துவிட்டது. முதலாளி ஆபீஸுக்கு ஓடி வந்து, "ஏலே, ஒன் எலி மாட்டிக்கிட்டு!" என்று ரெட்டைக்கோட்டைக் கட்டிப் பிடித்தார். அந்த அப்பாவி எலியின் பாவம் எங்கள் இருவர் தலையில்தான்.

தராசு சரியான மறுநாள் காலையே நான் டிரைவரைத் திறந்து பார்த்திருந்தேன். துடைக்கிற வரிக்கு மேலே புதிதாகக் கமெண்ட் இருந்தது. முதலாளி ஜென்மத்திலும் திறந்து பார்க்காத இடத்தில், ரெட்டைக்கோடு எழுதியிருந்தார்:

"இந்த வரி ஒரு மாசம் தப்பான எடத்துல கெடந்துச்சு. நகட்டுனவன் பொண்ணு பாக்கப் போற அவசரத்துல நகட்டுனான். வாசிக்காம வாசிச்சாச்சுன்னு போட்டவன் நான். எலி இல்ல. இனிமே எவனும் இதை நகட்டாதீங்க. பொண்ணு அமைஞ்சுட்டு."

நிச்சயதார்த்தத்துக்கு அவர்தான் தாம்பூலத் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். என் மனைவிக்கு இந்தக் கமெண்ட்டைக் காட்டியிருக்கிறேன். கல்யாண ஆல்பத்தைவிட இதைத்தான் அவள் அதிகம் பார்த்திருக்கிறாள்.

போன வருஷம் ரெட்டைக்கோட்டுக்கு ஓசூர் பக்கம் ஒரு பெரிய கம்பெனியில் வேலை கிடைத்தது. போவதற்கு முன்னால் ஒரு வாரம் உட்கார்ந்து, டிரைவரில் உள்ள அத்தனை கமெண்ட்டையும் ஒன்றுவிடாமல் வாசித்துச் சரிபார்த்தார். பஸ் ஏறுகிற அன்று ஜெராக்ஸ் மிஷினைத் தட்டிக்கொடுத்தார். டம்ளரைக் கழுவி அக்காவிடம் கொடுத்தார்.

போன வாரம் நான் எதையோ திருத்துவதற்காக டிரைவரைத் திறந்து, பழக்க தோஷத்தில் முதல் வரியிலிருந்து சத்தமாக வாசித்தேன். "எது புரியலன்னாலும் ரெட்டைக்கோட்டைக் கேளுங்க. பக்கத்து மேஜையிலதான் இருக்கான்."

தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து டங் என்றது.

"தம்பி, அது இப்ப பொய்யாயிட்டுல்லா" என்றாள் அக்கா.

பக்கத்து மேஜையைப் பார்த்தேன். அதன் மேல் பழைய ஒயர்களைக் குவித்து வைத்திருந்தார்கள். அத்தனையும் சரிபார்த்துவிட்டுப் போன மனிதர் இந்த ஒரு வரியை மட்டும் எப்படி விட்டுவிட்டார் என்று யோசித்தேன். அழிக்கலாம் என்று விரலைக் கொண்டுபோனேன். முடியவில்லை. எனக்கு அந்த ஆள் இல்லாமல் ரொம்பவும் வெறிச்சென்று இருக்கிறது, வேறு என்ன சொல்ல!

அழிக்கவில்லை. அதற்கு அடியில் இரண்டு சாய்கோடு போட்டு, "வாசிச்சாச்சு" என்று என் பெயரை எழுதி வைத்தேன்.